ரயில் ஹாரனும் காத்துக் குழாயும்: கம்பம் பட்டறையிலிருந்து பதில்கள்

ஏர் பிரேக், ஏர் லைன் வேலைதான் நமக்குச் சோறு. குமுளி மலை ஏறி இறங்குற லாரிக்காரங்க, ஏலத்தோட்டத்து ஜீப்புக்காரங்க, மேல தேயிலை ஃபேக்டரி ஆளுங்கன்னு ஹாரன் பத்திக் கேட்டவங்களுக்கு இங்க ஒரே இடத்துல பதில் போடுறேன். டேங்க்ல அடைச்ச காத்தை ஊதி ரயில் மாதிரி கத்துற இந்த ஹாரன், ரோட்டுல ஓடுற வண்டிக்குச் சட்டப்படி ஆகாது. அதுக்குக் கீழ தனியா பதில் இருக்கு, தாண்டிப் போயிடாதீங்க.

அண்ணே, தோட்டத்துக்குள்ள மட்டும் ஓடுற ஜீப். காய் எடுக்குற ஆளுங்களைக் கூப்பிட மூணு குழல் ரயில் ஹாரன் மாட்டினேன். கடையில அடிச்சப்ப காதைப் பிளந்துச்சு, ஜீப்புல சாதா லாரி ஹாரன் மாதிரிதான் இருக்கு. கேஜ்ல காத்தழுத்தம் 120 பி.எஸ்.ஐ. நிக்குது. கம்ப்ரசரை மாத்தணுமா? (கூடலூர்)

கம்ப்ரசரை விடுங்க தம்பி. காத்து டேங்கை நிரப்பினதோட அது வேலை முடிஞ்சுது. பட்டனை அழுத்துற ரெண்டு மூணு செகண்டுல எவ்வளவு காத்து குழலுக்குப் போய்ச் சேருதோ, அதுதான் சத்தம். அணையில தண்ணி எவ்வளவு கிடந்தாலும் தேக்கடி மதகு திறந்த அளவுக்குத்தானே நம்ம வயலுக்கு வருது?

ஹாரனோட குடுக்கிறது பெரும்பாலும் 6 எம்.எம். டியூப். அது வெளி அளவு. உள்ள ஓட்டை 4 எம்.எம்.தான். 12 எம்.எம். பி.யூ. (பாலியூரிதேன் பிளாஸ்டிக்) டியூப்புல உள்ள 8 இருக்கும். அகலம் ரெண்டு மடங்குன்னா காத்து போற வாசல் நாலு மடங்கு. அதே அளவு காத்து போறப்ப, உராய்வுல போற அழுத்தம் ஏறக்குறைய முப்பதுல ஒரு பங்காக் குறைஞ்சிடும். குத்தம் டியூப்புலன்னா, இவ்வளவு பெரிய லாபம் வேற எந்தச் சாமானை மாத்தினாலும் கிடைக்காது.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ஹாரன் வாசல்ல ஒரு ‘டி’ (மூணு வாய் இணைப்பு) போட்டு இன்னொரு கேஜ் மாட்டுங்க. அடிக்கும்போது டேங்க் கேஜ் 110லயே நின்னு, ஹாரன் கேஜ் 40க்கு விழுந்தா குத்தம் லைன்ல. ரெண்டும் சேர்ந்து விழுந்தா டேங்க் சின்னது. டேங்க் பின்னாடியும் ஹாரன் முன்னாடியும் இருந்தா, முதல்ல டேங்கை ஹாரன் பக்கத்துல கொண்டு வாங்க. குழாய் நீளம் குறையுறதும் லாபம்தான்.

கம்ப்ரசர்ல இருந்து டேங்குக்கு வர்ற கம்பிப் பின்னல் ஹோஸை மட்டும் தொடாதீங்க. அங்க காத்து கொதிக்கக் கொதிக்க வரும், பிளாஸ்டிக் டியூப் இளகிப்போகும். அதைப் பெருசாக்கினாலும் சத்தம் ஏறாது.

அரை இஞ்சு ஹோஸ் போட்டும் பெருசா வித்தியாசம் இல்லையே? (போடி)

வால்வைப் பாருங்க. பட்டனை அழுத்தினா கரண்ட்டுல திறக்குற சொலினாய்டு வால்வு மேல அரை இஞ்சுன்னு இருந்தா அது மரை அளவு, உள்ள ஓட்டை அதுல பாதிகூட இல்லாம இருக்கலாம். ஓட்டை அளவைக் கேட்டு வாங்கணும். அப்புறம் டேங்கோட வாய். அது கால் இஞ்சா இருந்தா அதுக்கப்புறம் அரை இஞ்சு போட்டு என்ன புண்ணியம்? எல்போ (முழங்கை மாதிரி மடங்குற இணைப்பு) எத்தனை இருக்குன்னும் எண்ணுங்க. ஹோஸை வாட்டமா வளைச்சு விட்டா பாதி எல்போ தேவைப்படாது.

வால்வு ஹாரன் பக்கத்துல இருக்கணும். தூரமா இருந்தா குழாய் நிரம்புற வரைக்கும் சத்தம் இழுத்து இழுத்துத்தான் வரும். டெஃப்லான் டேப்பை மரை நுனியில ஒரு சுத்து விட்டுட்டுச் சுத்துங்க. பிசிறு உள்ள போனா வால்வு மூடாம கசியும்.

வாழைத்தார் ஏத்திக் கோட்டயம் போற பழைய லாரிங்க. பிரேக் டேங்க்லயே ‘டி’ போட்டு ஹாரனுக்கு எடுத்திருக்கோம். பெரிய டியூப் போடலாமா? (கம்பம்)

போடவே போடாதீங்க. அந்த ‘டி’யையே முதல்ல கழட்டுங்க.

இப்ப உள்ள வண்டியில நாலு வழிப் பாதுகாப்பு வால்வு இருக்கும். முன் பிரேக், பின் பிரேக், பார்க்கிங், மத்த சாமான்னு காத்தை நாலாப் பிரிச்சு, ஒண்ணு ஒழுகினாலும் மத்ததைக் காப்பாத்தும். பிரேக் டேங்க்ல ஹாரனைச் சொருகினா, ஹாரன் ஹோஸ்ல ஒரு வெடிப்பு விட்டாலே அந்த பிரேக் சர்க்யூட் காலி. கால் இஞ்சு ஹோஸ் பிய்ஞ்சா எச்சரிக்கை பஸ்ஸர் கத்தி, ஓரங்கட்ட நேரம் இருக்கும். அரை இஞ்சு பிய்ஞ்சா அந்த நேரமும் கிடையாது. நீங்க லோடோட இறங்குறது குட்டிக்கானத்துல இருந்து முண்டக்கயம். ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டியில காத்து சுத்தமா இறங்கினா சக்கரம் தானாப் பிடிச்சுக்கும், அதுவும் வளைவுலயா இருந்தா? பழைய வண்டியில அதுகூட இல்லாம இருக்கலாம். கம்பெனி குடுத்த ஹாரனே போதும் மாமா.

நம்ம பக்கம் கண்டுக்கிறதில்ல, குமுளி தாண்டினா மட்டும் ஏன் பிடிக்கிறாங்க? (உத்தமபாளையம், கல்லூரி மாணவர்)

சட்டம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். 1989 மத்திய மோட்டார் வாகன விதி 119, காதைப் பிளக்கிற, மிரட்டுற ஹாரனையும் பல ராகத்துல பாடுற ஹாரனையும் தடுக்குது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு மாதிரி வண்டிகளுக்குத்தான் விலக்கு. தேவையில்லாம ஹாரன் அடிச்சாலே மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவுல முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000. சத்த அளவை மீறினதுக்கு 190(2)ல போட்டா 10,000 வரைக்கும் போகும், லைசென்ஸும் முடங்கும். கேரளாவுல 2025 அக்டோபர்ல தனியா வேட்டையே நடத்தி, பிடிச்ச ஏர் ஹாரனை எல்லாம் கொச்சியில ரோடு ரோலர் விட்டு நசுக்கினாங்க. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. மலை வளைவுல பைக்குக்காரன் பின்னால போய் இதை அடிச்சா, மிரண்டு அவன் எந்தப் பக்கம் திருப்புவான்னு யாருக்குத் தெரியும்?

வண்டிப்பெரியார் பக்கம் தேயிலை ஃபேக்டரிங்கய்யா. ஷிப்டு சங்குக்கு ஏர் ஹாரன் வச்சிருக்கோம். கம்ப்ரசர் ரூம்ல இருந்து கூரை வரைக்கும் பி.வி.சி. பைப். சத்தம் பத்தல.

சத்தத்தை அப்புறம் பார்ப்போம், அந்த பி.வி.சி.யை இன்னிக்கே இறக்குங்க. தண்ணிக்கு ஓ.கே., அழுத்தக் காத்துக்கு ஆகவே ஆகாது. உடைஞ்சா சில்லு சில்லாத் தெறிக்கும். ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) முக்கால் இஞ்சு ஓட்டுங்க. கூரைக்குக் கீழயே 20 லிட்டர் டேங்க் ஒண்ணு வச்சிடுங்க, சேஃப்டி வால்வோட. அழுத்தம் 8 பார்ல இருந்து 5க்கு இறங்குறதுக்குள்ள அது 60 லிட்டர் காத்து குடுக்கும். கீழ இருந்து வர்ற பைப் அந்த டேங்கை மெதுவா நிரப்பினாப் போதும். பழைய கேஸ் சிலிண்டரை டேங்க் ஆக்கலாமான்னு கேக்காதீங்க, வெல்டிங் வைக்கப் போறப்பவே வெடிச்ச கதை உண்டு.

120க்குப் பதிலா 200 பி.எஸ்.ஐ. ஏத்தினா?

ஹாரன்ல எழுதியிருக்கிற அளவைத் தாண்டினா டயாஃப்ரம் (உள்ள அதிர்ந்து சத்தம் குடுக்குற தகடு) கிழியும், இல்ல குரல் அடைக்கும். சத்தத்தோட சக்தி இரட்டிச்சாலும் கூடுறது 3 டெசிபல்தான். காதுக்கு ரெண்டு மடங்காத் தெரிய 10 வேணும்.

ஆனை விரட்ட உதவுமா?

வேணாம். மிரண்ட ஆனை எந்தப் பக்கம் ஓடும்னு ஹாரன் சொல்லாது. வனத்துறையைக் கூப்பிடுங்க.

காலையில முதல் தடவை அடிச்சா கரகரன்னு வருது, தண்ணி தெறிக்குது. (குமுளி)

மேக மூட்டம் உள்ள ஊர், காத்துலயே தண்ணி. டேங்க் அடியில உள்ள டிரெயினைத் தினமும் சாயங்காலம் திறந்து விடுங்க. ஹோஸ் டேங்கோட மேல் பக்கத்துல இருந்து கிளம்பணும், அடியில இருந்து எடுத்தா தண்ணியைத்தான் ஊதுவீங்க. குழலோட வாயைக் கொஞ்சம் கீழ சாய்ச்சு மாட்டுங்க. அதுக்கப்புறமும் கரகரப்பு இருந்தா டயாஃப்ரம் மூடியைக் கழட்டித் துடைச்சுப் பாருங்க, துரு படிஞ்சிருக்கலாம்.