பெருவுக்குப் போகுமுன் உயரத்தைப் பாருங்கள்

பயணக் கேள்வி – பதில்

கேள்வி: ஜூன் மாதம் நியூஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து பெரு நாட்டுக்குப் பன்னிரண்டு நாள் போய்வரலாம் என்று மகன் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். லிமா, நாஸ்கா, குஸ்கோ, வானவில் மலை, மாச்சு பிச்சு, டிட்டிகாக்கா ஏரி, அமேசான் காடு. எனக்கு வயது 58. கணவருக்கு 64, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். இருவரும் சுத்த சைவம். இது சரிப்பட்டு வருமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஏழுமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் பன்னிரண்டு நாளில் ஏழும் வேண்டாம், அம்மா. நாஸ்கா, வானவில் மலை, டிட்டிகாக்கா மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

பெருவுக்குத் திட்டம் போடும்போது பலரும் ஊருக்கு ஊர் எத்தனை கிலோமீட்டர் என்றுதான் பார்க்கிறார்கள். ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நான் குழுக்களை அழைத்துப் போகும்போது முதலில் எழுதி வைத்துக்கொள்வது, ஒவ்வோர் இரவும் தூங்கப்போகும் இடத்தின் உயரத்தைத்தான். லிமா கடலோரம். அங்கிருந்து குஸ்கோ விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, ஆனால் இறங்கும்போது 3,400 மீட்டரில் நிற்பீர்கள். நம் ஊட்டியே 2,240 மீட்டர்தான். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் அன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம். குஸ்கோ ஹோட்டல்களில் வரவேற்பு மேசைக்குப் பக்கத்திலேயே ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருப்பார்கள். அதற்கான தேவை அங்கே அன்றாடம் வருகிறது.

அதனால் குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காதீர்கள். விமான நிலையத்திலிருந்தே கார் பிடித்து உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். ஒல்லந்தாய்தாம்போ என்ற ஊர் சுமார் 2,800 மீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். ஸ்பானியர் வருமுன் பெருவை ஆண்ட இன்காக்கள் காலத்துத் தெருக்களில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். தெருவோரக் கல் வாய்க்காலில் மலைத் தண்ணீர் சலசலத்து ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே இரண்டு ராத்திரி தங்குங்கள். முதல் நாள் எதுவும் பார்க்க வேண்டாம், வாசலில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

மறுநாள் மாராஸ் உப்பளத்துக்குப் போங்கள். கடலே இல்லாத மலைச்சரிவில் உப்பளம்! மலைக்குள்ளிருந்து ஓர் உப்பு ஊற்று வருகிறது. ஒரு சாண் வாய்க்காலில் கைவைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பாத்திகளில் படிப்படியாக இறங்குகிறது. பாத்தியின் வாயைக் கல்லால் அடைத்தும் திறந்தும் தண்ணீர் விடுகிறார்கள். பக்கத்து ஊர்க் குடும்பங்களுக்குத்தான் பாத்திகள் சொந்தம். வாங்கி வர ஏதாவது வேண்டுமென்றால் அந்த இளஞ்சிவப்பு உப்பை வாங்குங்கள்.

அப்புறம் ரயிலில் அடிவார ஊரான ஆகுவாஸ் காலியென்டேஸ், அங்கிருந்து பஸ்ஸில் இன்காக்களின் பழைய மலைநகரமான மாச்சு பிச்சு. அது 2,430 மீட்டர்தான், குஸ்கோவைவிட ஆயிரம் மீட்டர் கீழே. இது தெரியாமல் மாச்சு பிச்சுதான் உச்சி என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். நுழைவுச் சீட்டு பாஸ்போர்ட் எண்ணோடு, குறிப்பிட்ட நேரத்துக்கு, குறிப்பிட்ட பாதைக்குத்தான் தருவார்கள். படங்களில் பார்க்கும் காட்சியும் வேண்டும், கட்டடங்களுக்குள்ளும் நடக்க வேண்டும் என்றால் இரண்டாம் பாதையைக் கேளுங்கள். ஜூனில் போகிறவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே வாங்கிவிட வேண்டும். ஜூன் 24 குஸ்கோவில் இன்டி ரைமி, சூரியனுக்கான திருவிழா. கூட்டம் பிடிக்காது என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு குஸ்கோவுக்கு ஏறினால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். மூன்று ராத்திரி போதும். வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல். பி.பி. உள்ள ஒருவரை அங்கே கூட்டிக்கொண்டு போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. டிட்டிகாக்கா 3,800 மீட்டர். அழகான ஏரிதான், ஆனால் போக ஒரு நாள், வர ஒரு நாள் வழியிலேயே போய்விடும். அதற்குப் பதில் குஸ்கோவிலிருந்து புவேர்ட்டோ மால்டொனாடோவுக்கு விமானம் ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் 200 மீட்டருக்கும் கீழே அமேசான் காட்டில் இருப்பீர்கள். மூன்று நாள் அங்கே இருங்கள். விடியற்காலையில் பஞ்சவர்ணக் கிளிகள் ஆற்றங்கரைச் செம்மண் சுவரில் கூட்டமாக வந்து அப்பி, மண்ணைக் கொத்தித் தின்பதைப் படகில் போய்ப் பார்க்கலாம்.

மலையில் மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, வானம் தெளிவாக இருக்கும், ஆனால் ராத்திரி பூஜ்ஜியம் டிகிரி வரை குளிரும். அதே சமயத்தில் லிமா வெயிலே இல்லாமல் மூடுபனியில் கிடக்கும். கரையோரம் ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம்தான் காரணம். ஸ்வெட்டரும் வேண்டும், காட்டுக்கு மெல்லிய முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். உருளைக்கிழங்கின் தாய்மண் அது, அரிசிச் சோறும் எங்கும் கிடைக்கும். பெரிய பெரிய முத்துகளோடு வேகவைத்த சோளம், வெண்ணிறப் பாலாடைக்கட்டியோடு தருவார்கள். சூப்பில்தான் கவனம். கீன்வா என்ற தானியத்தில் செய்யும் சூப் காய்கறி மட்டும் போட்டது போலத் தெரியும், ஆனால் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்திருக்கலாம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. கோழி, மீன், அவற்றின் சாறு எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

கடைசியாக மருத்துவம். காட்டுக்குப் போவதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விஷயம் வரும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல் முறை போடும்போது பக்கவிளைவு அபாயம் கூடுதல். உங்கள் கணவர் டாக்டரைப் பார்த்து, அவர் சரி என்றால் மட்டும் போட்டுக்கொள்ளட்டும். வேண்டாம் என்றால் காட்டை விட்டுவிட்டு உருபாம்பாவில் இன்னும் மூன்று நாள் இருங்கள், எந்தக் குறையும் இல்லை. உயரத்துக்கான டயமாக்ஸ் மாத்திரையையும் யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போட வேண்டாம். பி.பி. மாத்திரையோடு ஒத்துப்போகுமா, சல்ஃபா அலர்ஜி உண்டா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: சின்ன விமானம் என்றால் எனக்குத் தலைசுற்றும். நாஸ்கா கோடுகளைத் தரையிலிருந்து பார்க்க முடியாதா?
– வாசகர், கோவை

பதில்: கொஞ்சம் பார்க்கலாம். பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை ஓரமாகவே ஓர் இரும்புக் கோபுரம் இருக்கிறது. பழங்கால மக்கள் பாலைவனத் தரையில் வரைந்த இந்தப் பிரம்மாண்டக் கோடுகளைக் காப்பாற்றுவதிலேயே வாழ்நாளைச் செலவழித்த ஜெர்மன் கணித அறிஞர் மரியா ரைஹே 1976-இல் கட்டியது. ஏறினால் 'கைகள்', 'மரம்' என்ற இரண்டு உருவங்கள் தெரியும். பக்கத்திலிருந்த பல்லி உருவத்தை நெடுஞ்சாலை குறுக்கே வெட்டிவிட்டது, பார்க்க மனசு கஷ்டப்படும். மேலே கிடந்த செம்பழுப்புக் கற்களை ஒதுக்கி, அடியிலுள்ள வெளிர் மண்ணைக் காட்டியே இத்தனையும் வரைந்திருக்கிறார்கள். மழை பெய்யாத ஊர் என்பதால் பல நூற்றாண்டுகளாக அழியவில்லை. குரங்கு, ஓசனிச்சிட்டு எல்லாம் வேண்டுமென்றால் விமானம்தான் வழி. இருபக்க ஜன்னல்காரர்களும் பார்ப்பதற்காக வலமும் இடமும் மாறி மாறிச் சாய்ப்பார்கள், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கோபுரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெருவிலிருந்து வரும் தோழி கோகா இலை டீ பாக்கெட் வாங்கி வருகிறேன் என்கிறாள். வாங்கி வரச் சொல்லலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். மலைக்குப் போனால் அங்கே எல்லாரும் குடிப்பதுதான், அங்கே அது சட்டப்படி சரி. கொக்கெய்ன் எடுப்பது இந்த இலையிலிருந்துதான், அதனால் நம் நாட்டில் கோகா இலை போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. டீ பாக்கெட் என்று கஸ்டம்ஸில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இன்றே அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.