கார்டிசால் குறைவு: எந்த டாக்டர், எந்தப் பரிசோதனை?

வாசகர் கேள்விகளுக்கு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் பதில்கள்

கேள்வி: ஒரு வருடமாக ஓயாத அசதி. முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் கார்டிசால் 6.8 என்று வந்தது. இரண்டு டாக்டர்களிடம் காட்டினேன். ‘ஒன்றுமில்லை, சத்தாகச் சாப்பிடுங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எழுதித் தரச் சம்மதிக்கும் டாக்டர் எங்கே கிடைப்பார்? (ஈரோடு வாசகி, வயது 38)

பதில்: ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரத்தை முதலில் பாருங்கள். சிறுநீரகங்களின் மேலே உள்ள அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோன் கார்டிசால். அது விடியற்காலையில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வரும். மாலை 4 மணிக்கு எடுத்த ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 6.8 மைக்ரோகிராம் என்றால் அது இயல்பான அளவு. காலை 8 மணிக்கு எடுத்தது என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இரவு ஷிப்ட் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர் என்றால் அந்த 8 மணிக் கணக்கும் பொருந்தாது.

காலை 8 மணி அளவு 3-க்குக் கீழே இருந்தால் அட்ரினல் குறைபாடு ஏறக்குறைய உறுதி. 15-ஐத் தாண்டினால் பெரும்பாலும் கவலையில்லை. இடையில் இருந்தால் அந்த ஒரு எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அதற்காகத்தான் ஏசிடிஎச் தூண்டல் பரிசோதனை இருக்கிறது. ஏசிடிஎச் என்பது, கார்டிசாலைச் சுரக்கச் சொல்லி மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அட்ரினலுக்கு அனுப்பும் ஹார்மோன். செயற்கை ஏசிடிஎச் 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, 30-வது, 60-வது நிமிடங்களில் ரத்தம் எடுப்பார்கள். கார்டிசால் 18-க்கு மேல் எழும்பினால் சுரப்பி வேலை செய்கிறது என்பது பழைய கணக்கு. புதிய ஆய்வக முறைகளில் 14, 15 போதும். அந்த ஊசி நம் ஊரில் எளிதில் கிடைக்காததால், நீண்ட நேரம் வேலை செய்யும் வகை ஏசிடிஎச் ஊசியைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் மருத்துவமனைகளும் உண்டு.

இந்தப் பரிசோதனையை வைத்தே சரியான டாக்டரையும் கண்டுபிடிக்கலாம். மருத்துவமனைக்கு போன் செய்து, ‘ஏசிடிஎச் ஸ்டிமுலேஷன் டெஸ்ட் செய்கிறீர்களா?’ என்று கேளுங்கள். ‘செய்கிறோம், காலை 8 மணிக்கு வாருங்கள்’ என்று பதில் வந்தால் அங்கே விஷயம் தெரிந்தவர் இருக்கிறார். நீங்கள் பார்க்க வேண்டியவர் எண்டோகிரைனாலஜிஸ்ட் எனப்படும் நாளமில்லாச் சுரப்பி நிபுணர், எம்.டி.க்குப் பிறகு டி.எம். அல்லது டி.ஆர்.என்.பி. எண்டோகிரைனாலஜி படித்தவர். பெயர்ப் பலகையில் ‘சர்க்கரை, தைராய்டு, ஹார்மோன் நிபுணர்’ என்று இருந்தால் மட்டும் போதாது. கீழே உள்ள பட்டத்தைப் படியுங்கள். சென்னை அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இதற்கென்று தனித் துறைகள் உள்ளன.

உறுதி செய்யாமல் மாத்திரை தர டாக்டர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நன்றாக வேலை செய்யும் சுரப்பி உள்ளவருக்கு வெளியிலிருந்து கார்டிசாலை, அதாவது ஹைட்ரோகார்டிசோனை, கொடுத்தால், பிட்யூட்டரி ‘இனி நாம் எதற்கு’ என்று ஏசிடிஎச் அனுப்புவதைக் குறைத்துவிடும். சில மாதங்களில் இல்லாத நோய் நிஜமாகவே வந்துவிடும். எச்சிலை நான்கு வேளை சோதித்து ‘அட்ரினல் களைப்பு’ என்று பெயர் வைத்து மாத்திரையும் பொடியும் விற்பவர்களிடம் போகாதீர்கள். அப்படி ஒரு நோயை எண்டோகிரைன் மருத்துவம் ஏற்கவில்லை. அதே சமயம், ஒரு வருட அசதிக்கு ‘ஒன்றுமில்லை’ என்பதும் பதில் ஆகாது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), பி12, டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), தூக்கத்தில் குறட்டை, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

போகும்போது ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எடை எத்தனை மாதத்தில் எவ்வளவு குறைந்தது; படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்தும் ரத்த அழுத்தம் எவ்வளவு (மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் முக்கியம்); சோடியம், பொட்டாசியம், சர்க்கரை எவ்வளவு; ஊறுகாய், உப்பு மீது புதிதாக ஆசை வந்திருக்கிறதா. கண்ணாடி முன் நின்று ஈறு, உதட்டின் உள்பக்கம், உள்ளங்கை ரேகை, பழைய தழும்பு ஆகியவை கறுத்திருக்கின்றனவா என்று பாருங்கள்; அட்ரினல் பழுதானால் இவை கறுக்கும். நம் நிறத்தில் முகம் கறுத்தால் வெயில் என்று விட்டுவிடுவோம். ஈறு கறுப்பதற்கு வெயில் காரணமாக முடியாது. கருத்தடை மாத்திரை கார்டிசாலைக் கூடுதலாகக் காட்டும். முடிக்கென்று சாப்பிடும் பயோட்டின் சில ஆய்வக முறைகளைக் குழப்பும். இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ஏசிடிஎச் அளவுக்கு வீட்டில் வந்து ரத்தம் எடுக்கும் சேவை வேண்டாம். ஊதா மூடிக் குழாயில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, சீக்கிரம் பிரிக்க வேண்டிய மாதிரி அது. பைக் பெட்டியில் இரண்டு மணி நேரம் சுற்றினால் ஏசிடிஎச் சிதைந்து, குறைவாகக் காட்டும். பிட்யூட்டரியில் கோளாறு என்று வீணாக ஸ்கேன் வரை போக நேரும்.

கேள்வி: மூட்டு வலிக்கு இரண்டு வருடம் ஒரு பொடி சாப்பிட்டேன். நல்ல குணம். முகம் உப்பியதால் நிறுத்தினேன். பத்து நாளாக எழுந்திருக்கவே முடியவில்லை, வாந்தி, தலைசுற்றல். (மதுரை வாசகர், வயது 61)

பதில்: பத்திரிகை பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை இது, இன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பெயர் தெரியாத வலிப் பொடிகளில் பெட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. சட்டென்று கிடைத்த குணமும், உப்பிய முகமும் அதைத்தான் காட்டுகின்றன. பொடிப் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோய், ‘ஸ்டீராய்டு கலந்ததாக இருக்கலாம், திடீரென நிறுத்திவிட்டேன்’ என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். மயக்கமோ ரத்த அழுத்தக் குறைவோ இருந்தால் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல், ரத்தம் எடுத்த கையோடு ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் ஏற்றுவார்கள். பிறகு அளவை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மெல்ல இறக்க வேண்டும்.

மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 5 மில்லிகிராமோ அதிகமோ சாப்பிட்ட யாருக்கும் இதே எச்சரிக்கைதான்: திடீரென நிறுத்தக் கூடாது. அதிக அளவு இன்ஹேலர், உடல் முழுக்கத் தடவும் வீரியமான களிம்பு ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: ஆறு வருடம் முன்பு பிரசவத்தில் அக்காவுக்குப் பெரும் ரத்தப்போக்கு. பால் சுரக்கவில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. இப்போது தைராய்டு குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட பிறகு இன்னும் மோசம். (நாகப்பட்டினம் வாசகி)

பதில்: நீங்கள் எழுதிய வரிசையே ஷீஹன் நோயைச் சுட்டுகிறது. ரத்தப்போக்கில் பிட்யூட்டரி பட்டுப்போய், பால், மாதவிலக்கு, தைராய்டு, கார்டிசால் நான்கும் குறையும். இதில் தோல் கறுக்காது, வெளிறும். டிஎஸ்எச் இயல்பாகவே காட்டலாம்; ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அளவைப் பார்த்தால்தான் தெரியும். கார்டிசால் இல்லாத உடலில் தைராக்சினை (தைராய்டு மாத்திரையை) முதலில் ஏற்றினால், மிச்சமிருக்கும் கார்டிசாலும் வேகமாகச் செலவாகி உயிருக்கே ஆபத்து வரும். கார்டிசால் முதலில், தைராய்டு பிறகு என்பதே முறை. மாத்திரை பற்றி இன்றே டாக்டரிடம் பேசி, காலை கார்டிசால் பாருங்கள். பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் தேடி எடுங்கள். எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்ற ஒரு வரி, டாக்டருக்குப் பாதி வழக்கைச் சொல்லிவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு அடிசன் நோய். ஹைட்ரோகார்டிசோன் சாப்பிடுகிறார். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? ஊர் டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடப் பயப்படுகிறார். (தூத்துக்குடி வாசகர்)

பதில்: அடிசன் என்பது அட்ரினல் சுரப்பியே பழுதாகும் நோய். ஹைட்ரோகார்டிசோனின் வழக்கமான அளவு நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம். எழுந்ததும் பெரிய பங்கு, மதியம் ஒன்று, தேவைப்பட்டால் மாலை 4 மணிக்குச் சிறியது. அதற்குப் பிந்தினால் தூக்கம் கெடும். கூடவே உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரை இருக்கும். சின்னக் கடைகளில் உடனே கிடைக்காததால் ஒரு மாத இருப்பை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் அளவை இரண்டு மடங்காக்குங்கள், 102-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு. விட்டதும் ஓரிரு நாளில் பழைய அளவு. மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுங்கள். அதுவும் வெளியே வந்தால் 100 மில்லிகிராம் ஊசியைத் தசையில் போட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மருந்துக் குப்பி, கலக்கும் நீர், சிரிஞ்ச் மூன்றையும் ஒரே டப்பாவில் வைத்து, போடும் விதத்தை நர்ஸிடம் ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள்.

ஊர் டாக்டரின் பயத்துக்கு மருந்து, நிபுணரின் கையெழுத்திட்ட கடிதம். ‘இவருக்கு அட்ரினல் குறைபாடு. வாந்தி, மயக்கம், விபத்து, அறுவை சிகிச்சை எதுவானாலும் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி, சலைன்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாங்கி, லேமினேட் செய்து அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். காசநோயும் அட்ரினலைத் தாக்கும். அதற்குரிய ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் கார்டிசால் வேகமாக அழியும் என்பதால் அளவைக் கூட்ட வேண்டிவரும்.

கேள்வி: அதிமதுரம் கார்டிசாலைக் கூட்டுமாமே? (சேலம் வாசகி)

பதில்: சுரப்பைக் கூட்டாது, இருக்கும் கார்டிசால் சிறுநீரகத்தில் செயலிழப்பதைத் தடுக்கும். அதனால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தினமும் சாப்பிடுபவர் என்றால் டாக்டரிடம் காட்டும் தாளில் அதையும் எழுதுங்கள்.