மகள் வீட்டில் படித்தால் ஊருக்கு என்ன?

அன்புள்ள அக்காவுக்கு,

பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 9 வயது. போன வருசம் ஒக்டோபரில் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, வீட்டிலேயே படிப்பித்து வருகிறேன். நான் ஏ.எல். வரை படித்தவள், கல்யாணத்துக்கு முன்னால் முன்பள்ளியில் வேலை செய்தவள். தெரியாமல் செய்யவில்லை. ஆனால் என் மாமிக்கு இது பிடிக்கவே இல்லை. "பொட்டப் புள்ளைய மடியிலேயே கட்டி வச்சிருக்கா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

காரணமில்லாமல் நிறுத்தவில்லை, அக்கா. போன வருசம் மே மாதம் ஒரு டீச்சர், கணக்குக் கொப்பியை மறந்து போனாள் என்று, வகுப்பே பார்க்க இவளைக் கன்னத்தில் அடித்துவிட்டார். ஒரு வாரம் காலையில் வயிற்றுவலி என்று அழுதாள். இதைச் சொன்னால் மாமி, "நாங்க வாங்காத அடியா" என்கிறார். என் நாத்தனார் மகன் அடுத்த வருசம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிறான். போனில் பேசினாலே அவன் எத்தனை மார்க் எடுத்தான் என்பதுதான் கதை. அப்புறம், "உன் மகள் என்ன செய்கிறாள்?" என்று ஒரு கேள்வி.

என்ன செய்கிறாள் என்று யாராவது வந்து பார்க்கிறார்களா? காலையில் ரொட்டியைப் பிய்க்கும்போதே அரை, கால், அரைக்கால் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். அரசாங்கம் கொடுக்கும் அதே பாடநூல்களைத்தான் படிக்கிறாள். சந்தைக்குப் போனால் போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் அவள்தான் கணக்குப் பார்த்துக் காசு கொடுப்பாள். கச்சான் காற்று அடித்த மாதங்களில் வெளியிலேயே உட்கார்ந்து படித்தோம். இப்போது மழை தொடங்கிவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கே இருட்டிவிடுகிறது, இடி இடித்தால் கரண்ட் போய்விடுகிறது, துணி காய்வதில்லை. அதையும் பாடமாக்கினேன். ஒரு ஜாம் போத்தலை முற்றத்தில் வைத்து, காலையில் எத்தனை மில்லிமீற்றர் மழை என்று அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதுகிறாள். அவ்வளவு அழகாகக் கோடு போட்டு எழுதுவாள். முந்தாநாள் நடு இரவில் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போத்தலைப் பார்க்கப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டேன். "நீங்க தூங்கலையே அம்மா" என்றாள். இந்த அக்கறை எந்தப் பள்ளிக்கூடத்தில் வரும்?

நான் மழைக்காலத்தில் சரியாகத் தூங்குவதில்லை. 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது என் பெரியம்மா வீடும் போய்விட்டது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சீருடையோடு வந்து நின்றதைப் பார்த்தவள் நான். அது வேறு கதை, விடுங்கள். என் பிரச்சினை மாமிதான். என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒருதரம்தான் வருவார். கேட்டால் "உன் இஷ்டம்" என்பார். அம்மாவிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டார். என் பிள்ளையை நான் படிப்பிப்பதில் இவர்களுக்கெல்லாம் என்ன வந்தது? இவர்கள் வாயை எப்படி அடைப்பது என்று சொல்லுங்கள், அக்கா.

— பெயர் வேண்டாம், பதுளை மாவட்டம்

அன்புத் தங்கைக்கு,

மாமியின் வாயை அடைக்க வழி கேட்டிருக்கிறீர்கள். அதை இப்போதைக்கு விடுங்கள். "வேறு கதை" என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போனீர்களே, அதைத்தான் நான் பேசப் போகிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. மகளுக்கு அடி விழுந்தது மே மாதம். நீங்கள் அவளை நிறுத்தியது ஒக்டோபர். வயிற்றுவலி ஒரு வாரத்தில் தீர்ந்த பிறகு, இடையில் பல மாதங்கள் அவள் பள்ளிக்கூடம் போய்த்தான் இருக்கிறாள். பிள்ளையை அடித்தது பெரிய தவறு. அதை அதிபரிடம், தேவைப்பட்டால் வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் பள்ளிக்கூடத்தை நிறுத்தியது அந்த அடிக்காக என்று என்னால் நம்ப முடியவில்லை. மழை தொடங்கியபோதுதான் நிறுத்தியிருக்கிறீர்கள்.

2014 ஒக்டோபர் 29, காலை நேரம். மலை இறங்கியபோது பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், வீட்டில் இருந்த பெற்றோர் போனார்கள். நீங்கள் கண்ணால் பார்த்தது அதை. மகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதைவிட, அவள் சீருடையோடு திரும்பி வரும்போது நீங்கள் இல்லாமல் போய்விடுவீர்களோ என்பதுதான் உங்கள் பயம் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்கும் தாயை யார் குறை சொல்வார்கள்? ஆனால் அந்தப் பயத்துக்கு நீங்கள் கண்ட வழியை ஒருதரம் நிதானமாகப் பாருங்கள். எந்தக் கூரை மேல் மண் விழும் என்று பயப்படுகிறீர்களோ, அதே கூரைக்குக் கீழே பிள்ளையையும் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

அந்தப் போத்தலுக்கு வருகிறேன். மழையை அளப்பது நல்ல பாடம். முன்பள்ளியில் வேலை செய்த கை என்று தெரிகிறது. ஆனால் நடு இரவில் டோர்ச்சோடு ஒரு 9 வயதுப் பிள்ளை எழுந்து போனதை நீங்கள் அக்கறை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் வயிறு கலங்கியது. அம்மா தூங்கவில்லை, அதனால் நான் காவல் இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமலே உங்கள் பயத்தை அவள் வாங்கி வைத்திருக்கிறாள். இந்தப் பாரம் ஒரு பிள்ளை சுமக்கிற பாரமில்லை.

உங்கள் மாமி சொன்ன விதம் சரியில்லை. உறவுக்காரர் முன்னால் மருமகளைப் பேசுவது அழகுமில்லை. ஆனால் "மடியிலேயே கட்டி வச்சிருக்கா" என்றாரே, அந்த ஒன்றில் நான் அவர் பக்கம்தான். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நம் தோட்டங்களில் அவர் வயதுப் பெண்கள் எத்தனை பேர் எழுத்துக் கூட்டிப் படிக்குமுன்னே கொழுந்துக்குப் போனார்கள் என்பதை நீங்களும் அறிவீர்கள். பேத்தி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கிப் போவதைப் பார்க்கும் ஆசை அவருக்கு இருக்காதா?

வீட்டில் படிப்பிப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். படிப்பிக்க உங்களுக்கு வருகிறது. ஆனால் இங்கே 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், இதை வலயக் கல்விப் பணிமனைக்குத் தெரியாமல் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அதற்கு முன்னால், பள்ளிக்கூடம் போக ஆசையா என்று மகளிடம் கேளுங்கள். ஒரு வெயில் நாளில், நீங்கள் சிரித்த முகமாக இருக்கும்போது கேளுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது கேட்டால் அவள் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வாள்.

மலைநாட்டில் இருந்துகொண்டு மண்சரிவுக்குப் பயப்படுவதைப் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் அந்தப் பயத்தைப் பெரியவர்கள் கையில் கொடுங்கள். உங்கள் வீடு இருக்கும் இடம் அபாய வலயத்தில் வருகிறதா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று படிப்படியாக விடுகிறது. சிவப்பு என்றால் யாரிடமும் கேட்காமல் கிளம்பிவிடுங்கள். எங்கே போவது, எந்த வழியாகப் போவது என்பதை இப்போதே முடிவு செய்து மாமிக்கும் மகளுக்கும் சொல்லி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. போத்தலை இனி பகலில் மட்டும் அவள் பார்க்கட்டும். இரவில் பார்க்க வேண்டியிருந்தால் அது உங்கள் வேலை.

அந்த வருசத்துக்குப் பிறகு மழைக்காலம் முழுவதும் தூக்கமில்லை என்றால், அதற்கு வைத்தியம் இருக்கிறது. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போங்கள். போவதற்குத் தயக்கமாக இருந்தால் முதலில் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்துப் பேசுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி. "உன் இஷ்டம்" என்கிறார் என்று அவர் மேல் வருத்தப்படுகிறீர்கள். மாமியோடு நடக்கும் சண்டையைத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. பெரியம்மா வீட்டைப் பற்றி, இரவில் தூங்காமல் விழித்திருப்பதைப் பற்றிச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதைச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் அவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே போனில் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா