ஹூட்டர் எப்போது கத்த வேண்டும்? சுவிட்ச் அலாரம் பற்றி வாசகர்கள் கேட்டவை

கே: பேனலில் புதிதாக மாட்டிய இண்டஸ்ட்ரியல் நெட்வொர்க் சுவிட்ச்சில் எல்லா போர்ட்டும் ஓடுகிறது. ஆனால் சிவப்பு ஃபால்ட் விளக்கு அணையவே இல்லை. சுவிட்ச் பழுதா?

ப: பெரும்பாலும் இல்லை. இரண்டு பவர் இன்புட் உள்ள சுவிட்ச்சில் ஒன்று காலியாகக் கிடந்தால், அதையே பழுதாக எடுத்துக்கொள்ளும். வேறு எம்.சி.பி.யிலிருந்து (சர்க்யூட் பிரேக்கர்) இன்னொரு 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) கொடுங்கள். வசதி இல்லையென்றால் அந்த இன்புட்டின் கண்காணிப்பை மட்டும் நிறுத்துங்கள். விளக்கை அணைப்பதற்காக இரண்டு இன்புட்டுக்கும் நடுவே ஜம்பர் போடுவது தவறு. ஒரே எஸ்.எம்.பி.எஸ். போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கே: ஃபால்ட் ரிலேயில் (பழுதைத் தெரிவிக்க சுவிட்ச்சிலேயே உள்ள கான்டாக்ட்) 230 வோல்ட் ஹூட்டரை நேரடியாக இணைக்கலாமா?

ப: கூடவே கூடாது. மோக்ஸாவின் பல மாடல்களில் அந்தக் கான்டாக்ட் தாங்குவது 24 வோல்ட் டி.சி.யில் 1 ஆம்ப். சீமென்ஸ் ஸ்கேலன்ஸ் எக்ஸ் வகையில் 100 மில்லிஆம்ப்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டு முனை ஃபால்ட் கான்டாக்ட் பொதுவாக நல்ல நிலையில் மூடியிருக்கும், பழுதில் திறக்கும். சுவிட்ச்சுக்குக் கரண்டே போனாலும் திறக்கும் என்பதுதான் இதன் அருமை. எனவே நடுவில் ஒரு 24 வோல்ட் ரிலே வையுங்கள். அதன் காயில் ஃபால்ட் கான்டாக்ட் வழியாக ஓடட்டும், ஹூட்டர் அதன் என்.சி. முனையில் (காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும் முனை) இருக்கட்டும். பழுது, மின்தடை, வயர் அறுந்தது, எதுவானாலும் காயில் கரண்ட் இழந்து விழும், ஹூட்டர் கத்தும். ஹூட்டருக்கான சப்ளை மட்டும் சுவிட்ச்சின் சப்ளையாக இருக்கக் கூடாது. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். முடித்ததும் சுவிட்ச்சின் பவர் டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள். கத்தவில்லையென்றால் வயரிங் தவறு.

கே: சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்களை அணைத்ததும் அலாரம் குவிகிறது.

ப: எல்லா போர்ட்டிலும் லிங்க் டவுன் (இணைப்பு போனால் கத்தும்) அலாரம் போட்டிருக்கிறீர்கள். அப்லிங்க் (அடுத்த சுவிட்ச்சுக்குப் போகும் இணைப்பு), ரிங் போர்ட் (சுவிட்ச்சுகளை வளையமாக இணைப்பது), பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி), கேமரா ஆகியவற்றுக்கு மட்டும் வையுங்கள். சிஸ்கோ ஐ.இ. வரிசையில் தனி அலாரம் ப்ரொஃபைல் உருவாக்கி அந்த போர்ட்டுகளில் மட்டும் இணைக்கலாம். கம்ப்யூட்டர் போர்ட்டுகளில் லிங்க் ட்ராப்பையும் (சுவிட்ச் சர்வருக்குத் தானாக அனுப்பும் எச்சரிக்கைச் செய்தி) நிறுத்துங்கள். தினமும் பொய்யாகக் கத்தும் அலாரத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கே: கேபிளைப் பிடுங்கினால் சுவிட்ச் லாகில் பதிவாகிறது, சர்வருக்கு ட்ராப் வருவதில்லை.

ப: முதலில் சர்வரில் வயர்ஷார்க் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ஓடவிட்டு, ட்ராப் வரும் யு.டி.பி. 162 போர்ட்டைப் பாருங்கள். பாக்கெட் வந்தும் கண்காணிப்பு மென்பொருளில் தெரியவில்லையென்றால், ஃபயர்வால் தடுக்கிறது அல்லது விண்டோஸின் ட்ராப் சர்வீஸ் அந்த போர்ட்டைப் பிடித்திருக்கிறது. பாக்கெட்டே வராவிட்டால், பிடுங்கியது அப்லிங்க்கா என்று பாருங்கள். பழைய எஸ்.டி.பி.யில் (நெட்வொர்க்கில் லூப் வராமல் மாற்றுப் பாதையை மூடி வைக்கும் முறை) மாற்றுப் பாதை திறக்க லிஸனிங் 15, லேர்னிங் 15 என்று 30 விநாடி ஆகும். ட்ராப் ஒருமுறைதான் போகும், அந்த இடைவெளியில் தொலைந்துவிடும். அதன் வேகமான வடிவமான ஆர்.எஸ்.டி.பி.க்கு மாறுங்கள். ட்ராப்புக்குப் பதில் இன்ஃபார்ம் வையுங்கள். பதில் வராவிட்டால் அது மறுபடி அனுப்பும்.

கே: சி.ஆர்.சி. பிழைக்கு (வழியில் டேட்டா கெட்டு வருவது) அலாரம் தேவையா?

ப: தேவை. சிஸ்கோ ஐ.இ.யில் தொடக்க அளவு 10 கோடி பிட்டுக்கு ஒரு பிழை, அப்படியே விடலாம். அலாரம் வந்தால் ஆர்.ஜே.45 கிரிம்பையும், வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) கேபிளோடு ஒட்டி ஓடும் பகுதியையும் பாருங்கள். எதிர்முனையில் லேட் கொலிஷன் (தாமதமாக நேரும் பாக்கெட் மோதல்) எண்ணிக்கையும் ஏறினால் டூப்ளெக்ஸ் பொருந்தவில்லை, அதாவது ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்கிறது, மறுமுனை மாறி மாறிச் செய்கிறது. இரு முனையையும் ஆட்டோவில் வையுங்கள்.