ஒரே நெருப்பில் கறுப்பும் வெள்ளையும்

கேள்வி: எங்கள் விறகடுப்புச் சாம்பலை அள்ளியபோது ஆட்டுத் தொடையெலும்பு ஒன்று கிடைத்தது. ஒரு முனை கரியாகவும், மறுமுனை சுண்ணாம்பாக வெளுத்தும் இருந்தது. வெள்ளை முனை விரல் பட்டதும் பொடிந்தது. காரணம் என்ன?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். உலர்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கால்சியம் பாஸ்பேட் வகைக் கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். எலும்பு எளிதில் நொறுங்காமல் காப்பது இப்புரதமே. சூடேறும்போது முதலில் நீர் வெளியேறும். சுமார் 300 டிகிரி செல்சியசில் புரதம் கருகி எலும்பு கறுக்கும். காற்று தாராளமாகக் கிடைத்தால் அக்கரியும் எரிந்துபோய், சாம்பல் நிறத்தைக் கடந்து, 700 டிகிரியை ஒட்டி வெண்மை வரும். காற்றில்லாத இடத்தில் அவ்வளவு வெப்பத்திலும் கறுப்பு நீங்காது. உங்கள் எலும்பின் கறுத்த முனை சாம்பலுக்குள் புதைந்திருந்திருக்க வேண்டும்.

கனிமமும் மாறுகிறது. அதிலுள்ள கார்பனேட் என்னும் கார்பன் கலந்த பொருளில் பெரும்பகுதி கரியமில வாயுவாக வெளியேற, நுண்படிகங்கள் பெரிதாகி நெருங்குவதால் எலும்பு சுருங்கி விரிசல் விடுகிறது. சதையோடு எரிந்த எலும்பில் பிறை போல வளைந்த விரிசல்கள் மிகுதி.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துப் பையம்பள்ளி போன்ற புதிய கற்காலக் குடியிருப்புகளை ஆராய்வோருக்கு இவையெல்லாம் தடயங்கள். நன்றாக வெளுத்த எலும்பில் எஞ்சும் கார்பனேட், பெரிய படிகங்களுக்குள் மண்ணின் கலப்பின்றித் தங்குவதால், அதைக் கொண்டு ரேடியோகார்பன் முறையில் (எஞ்சியுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து) காலத்தைக் கணிக்கவும் முடிகிறது.