பூநாரையைச் சொன்னேன், அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு 31 வயது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்து நீர்ப்பறவைகளைப் பற்றி பிஎச்டி ஆய்வு செய்கிறேன். கணவர் ஐடி வேலையில் இருக்கிறார். கல்யாணமாகி நாலு வருஷம். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை 5 மணிக்குக் களத்துக்குக் கிளம்பி 10 மணிக்குத் திரும்புவேன். வந்ததும் எண்ணிக்கையை எக்செல்லில் ஏற்றிவிட்டுத் தூங்கிவிடுவேன். அவருக்கு மதியம் 1 மணியிலிருந்து இரவு 10 வரை வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. சாயங்காலத்துக்கு மேல் அமெரிக்காவிலிருந்து ஒன்று மாற்றி ஒன்றாக போன் கால் வந்துகொண்டே இருக்கும்.

ரீல்ஸில் 'பறவைச் சோதனை' பார்த்தேன். "இன்னிக்கு ஒரு பறவையைப் பார்த்தேன்" என்று சும்மா சொல்ல வேண்டுமாம். துணை ஆர்வமாகக் கேட்டால் உறவு நிலைக்கும், கேட்காவிட்டால் முறியும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாம். எனக்குப் பறவைதானே பிழைப்பு! ஆறு நாள், ராத்திரி 8:30-க்குத் தட்டு வைக்கும்போது செய்து பார்த்தேன். "பூநாரை வந்திருக்கு" என்றேன். லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்ம்" என்றார். ஆறு நாளில் ஒரே ஒரு நாள்தான் "எத்தனை?" என்று கேட்டார்.

கெட்டவர் இல்லை. களத்துக்குப் போகும் முந்தின ராத்திரி கேமரா பேட்டரியைச் சார்ஜ் போட்டுப் பைக்குள் வைத்துவிடுவார். ஆனால் போன மாதம் நாத்தனார் வீட்டு விசேஷத்தில், "இவ காக்கா எண்ணப் போயிடுவா, எனக்கு ஹோட்டல் சாப்பாடுதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இந்தச் சோதனையை நம்பலாமா?

— வாசகி, வேளச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

பறவைச் சோதனை என்ற பெயரில் எந்த ஆய்வகமும் சோதனை நடத்தவில்லை. 2023-இல் சமூக ஊடகத்தில் பரவிய விளையாட்டு அது. வேர் மட்டும் ஆய்வில் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜான் காட்மன் குழுவினர், புதுமணத் தம்பதிகளை வீடு போலவே அமைத்த ஆய்வகத்தில் தங்கவைத்துப் படம் பிடித்தார்கள். ஒருவர் "இங்க பாரேன்" என்கிற மாதிரி விடும் சின்னச் சின்ன அழைப்புக்கு மற்றவர் திரும்புகிறாரா, கவனிக்காமல் விடுகிறாரா, எரிந்து விழுகிறாரா என்று எண்ணினார்கள். ஆறு ஆண்டு கழித்தும் சேர்ந்திருந்தவர்கள், அன்றைக்குச் சராசரியாக 86 சதவீத அழைப்புக்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்தவர்கள் திரும்பியது 33 சதவீதம்.

இவை இரண்டு கூட்டத்தின் சராசரிகள். ஒரு வீட்டுக்குப் பாஸ் மார்க் போட இவை உதவாது. காட்மன் பெயரில் சுற்றும் '90 சதவீதம் துல்லியமான விவாகரத்துக் கணிப்பு' மீதும் மற்ற ஆய்வாளர்களுக்குக் கேள்வி உண்டு. எந்தத் தம்பதிகளை வைத்துச் சூத்திரம் கட்டினார்களோ, அவர்களிடமே அதைச் சரிபார்த்தால் எண் அழகாகத்தான் வரும்.

உங்கள் ஆறு நாள் கணக்குக்கு வருவோம். சம்புக் கோரைக்குள் அசையாமல் நிற்கும் குருகுப் பறவை ஒரு நடையில் கண்ணில் படவில்லை என்றால் 'இல்லை' என்று எழுதிவிடுவீர்களா? ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவீர்கள். நேரம், வெளிச்சம், எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று குறிப்பீர்கள். அந்தக் குறிப்பு இல்லாத பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கணவர் விஷயத்தில் மட்டும் ஆறு முறையும் ஒரே நேரத்தில், அவர் காதில் ஹெட்போன் மாட்டியிருக்கும் 8:30-க்கே போய் நின்றிருக்கிறீர்கள். உச்சிவெயிலில் போய்க் குருவி எண்ணிய கதைதான். உங்களிடம் இருக்கும் தரவை வைத்து 'அக்கறை இல்லை' என்று எழுத முடியாது. 'இந்த நேரத்தில் தென்படவில்லை' என்று வேண்டுமானால் எழுதலாம். போன் கால் ஓடும் நேரத்திலும் ஒரு நாள் "எத்தனை?" என்று கேட்டாரே, அதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

களத்துக்குப் போகும் நாளில் நீங்கள் இருவரும் விழித்திருந்து, வேலை குறுக்கே வராத நேரம் காலை 10-லிருந்து 1 வரைதான். அதை எக்செல்லும் தூக்கமும் எடுத்துக்கொள்கின்றன. தரவேற்றத்தை மதியம் 1-க்குத் தள்ளுங்கள். வந்ததும் காபியோடு 20 நிமிடம் உட்காருங்கள், இரண்டு போனும் வேறு அறையில் இருக்கட்டும். "பூநாரை வந்திருக்கு" என்பது தகவல் மாதிரிதான் காதில் விழும். "ஒரு நிமிஷம் இதைக் கேளுங்களேன், எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு" என்றால்தான் அது அழைப்பு என்று புரியும்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இரண்டு வாரம், ஒரு நாளைக்கு நாலைந்து வரி போதும். ஆனால் அவருடைய பதிலை எழுதாதீர்கள். அவர் உங்களை அழைத்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். "இன்னிக்கு ரிலீஸ் சொதப்பிடுச்சு" என்று அவர் சொன்னபோது கண் எக்செல்லில் இருந்ததா? 'திரும்பினேன், தவறவிட்டேன், எரிந்து விழுந்தேன்' என்று மூன்றே கட்டம். பலர் வீட்டில் இந்தப் பயிற்சி கெடுவது, துணையின் பெயருக்கு வருகைப் பதிவேடு போடுவதால்தான். மூன்றாம் நாளே கண்ணில் பட்டு அதுவே சண்டையாகிவிடும். ரகசியமாகச் சோதித்ததையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள், "சும்மா ரீல்ஸ் பார்த்துட்டு உங்களை ஆறு நாள் டெஸ்ட் பண்ணேன்" என்று. பின்னால் அவராகக் கண்டுபிடித்தால் வலி அதிகம்.

பேட்டரியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு, மறு வரியிலேயே "ஆனால்" போட்டுவிட்டீர்கள். நீங்கள் 5 மணிக்குக் கிளம்புவதை நினைவில் வைத்து ஒரு மனிதர் ராத்திரி சார்ஜரைத் தேடி எடுக்கிறார். வாய் திறக்காத அழைப்பு அது. அதற்கு எத்தனை தடவை திரும்பினீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

எனக்கு "ம்ம்" பெரிதாகப் படவில்லை, காக்கா பேச்சுதான் உறுத்துகிறது. கவனிக்காமல் விடுவது வேறு, நாலு பேர் முன்னால் உங்கள் வேலையை மட்டம் தட்டுவது வேறு. காட்மன் ஆய்வுகளில் பிரிவோடு அதிகம் சேர்ந்து தென்பட்டது இந்த இளக்காரம்தான். ஒரு தடவை நடந்தது கேலியாக இருக்கலாம். ஆனால் நீங்களும் சிரித்து வைத்ததால், வலித்தது என்பது அவருக்கு இன்னமும் தெரியாது.

இதை ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுங்கள். 1999-இல் வெளியான அவர்களது இன்னொரு ஆய்வில், வாக்குவாதத்தின் முதல் மூன்று நிமிடங்களின் போக்குக்கும் பிற்பாடு நேர்ந்த பிரிவுக்கும் தொடர்பு தென்பட்டது. அதனால் முதல் வாக்கியத்தை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்: "அன்னிக்கு விசேஷத்துல 'இவ காக்கா எண்ணப் போயிடுவா'ன்னு சொன்னீங்களே, எனக்குக் கூசிப் போச்சு. நாலு பேர் முன்னாடி என் வேலையைக் கிண்டல் பண்ணாதீங்க." இதில் நடந்தது, உங்கள் வலி, உங்கள் தேவை மூன்றும் இருக்கின்றன. "நீங்க எப்பவுமே இப்படித்தான்" சேர்ந்தால் அவர் வக்கீலாகிவிடுவார். ஹோட்டல் சாப்பாட்டைப் பற்றி அவருக்கு நிஜமாகவே குறை இருக்கலாம், அதை வேறொரு நாள் தனியாகக் கேளுங்கள். பேச்சு சூடாகி நாடி 100-ஐத் தாண்டினால் காது கேட்கும், மனசில் ஏறாது. "இருபது நிமிஷம் கழிச்சுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து, சொன்னபடி திரும்பி வாருங்கள். சொல்லாமல் எழுந்து போனால் அதற்குப் பெயர் முகம் திருப்புதல்.

அவரைச் சதுப்புநிலத்துக்கு இழுக்க வேண்டாம். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. மொட்டை மாடியில் 15 நிமிடம் நின்றால் போதும். நீங்கள் பாருங்கள், அவர் எழுதட்டும். "கொண்டை வச்ச கறுப்புக் குருவி" என்று அவர் சொன்னால், அந்த இடத்திலேயே "அது சின்னான்" என்று திருத்திவிடாதீர்கள். பட்டியலைப் பதிவேற்றும்போது மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் சொன்ன பிறகும் நாலு பேர் முன்னால் அந்தக் கிண்டல் தொடர்ந்தால், அல்லது ஆய்வை விட்டுவிடச் சொல்லும் பேச்சாக மாறினால், தம்பதி ஆலோசகர் ஒருவரை இருவருமாகப் பாருங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள், நோட்டையும் எடுத்துக்கொண்டு.