ஹோட்டல், கேன்டீன் ஆட்களுக்குக் கொடுக்கும் உணவுச் சுகாதாரப் பயிற்சியால் உண்மையிலேயே பயன் இருக்கிறதா, சான்றிதழுக்காக மட்டும்தானா?

பயன் இருக்கிறது, காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால். தொழிற்சாலை கேன்டீன் ஒன்றின் சமையலறையைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உணவைக் கையாளும் ஒவ்வொரு 25 பேருக்கும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ. அதற்கென்றே ஃபோஸ்டாக் என்ற அந்த ஆணையத்தின் பயிற்சித் திட்டத்தில் வகுப்புகள் நடக்கின்றன. சான்றிதழ் வாங்குவது சுலபம். வகுப்பில் கேட்டது அடுப்படி வரை வந்து சேர்வதுதான் கஷ்டம்.

சாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் மிஞ்சியதை அண்டாவிலேயே மூடி வைத்து, ராத்திரி எலுமிச்சை சாதமாகத் தாளித்துவிடுவது பல இடங்களில் வழக்கம். கேட்டால், "அதான் நல்லா சூடு பண்ணிட்டோமே" என்பார்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் சோறு வேகும் சூட்டையும் தாங்கும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இதை விளக்கியபோது எங்கள் மாஸ்டர், "அப்போ மூடி வெச்சதே தப்பா சார்?" என்று கேட்டார். பெரிய அண்டாவின் நடுவில் சூடு அவ்வளவு சீக்கிரம் இறங்காது என்றேன். இப்போது மிஞ்சும் சாதம் உடனே அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பப்பட்டு, ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல், குளிரில் என்றால் 5 டிகிரிக்குள். இந்த இரண்டு எண்களும் அவருக்கு மனப்பாடம்.

அப்புறம் அந்தத் தோள் துண்டு. முகத்து வியர்வையைத் துடைத்து, மேடையைத் துடைத்து, அதே துண்டால் தட்டையும் துடைப்பார்கள். இதை விடவைக்கத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

பயிற்சி தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கு இருந்தால் சொல்லிவிட வேண்டும், சமையலுக்கு வரக்கூடாது என்று வகுப்பில் சொல்வார்கள். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்றால் யார் வாய் திறப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு என்று நிர்வாகம் முதலில் அறிவிக்க வேண்டும். முதலாளியையும் அதே வகுப்பில் உட்கார வையுங்கள்.

பாத்திரம் கழுவுவதும் காய் நறுக்குவதும் இன்று பெரும்பாலும் ஒடிசா, பீகார் தம்பிகள். அவர்களுக்கு இந்தியில் தனி வகுப்பு வேண்டும் என்று பயிற்சி நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.